“என்கிட்ட ஆருங்க சொன்னாங்க?”

“நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள் யாராவது அன்போடு இப்படிக் கேட்டால், எனக்குச் சற்றுத் திண்டாட்டம்தான். கால்நடை டாக்டர் என்றால், “எங்க வீட்டு நாய்க்குட்டி இரண்டு நாளாச் சரியா சாப்பிட மாட்டேங்குதே” என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். மேய்ச்சல் நில ஆலோசகர் என்றால், “அப்படின்னா?” என்று புருவம் உயரும். ஒருமுறை, “ஒரு காட்டில் எவ்வளவு புல் இருக்கிறது, அதில் எத்தனை ஆடு மாடு மேயலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை” என்று விளக்கினேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “புல்லுக்குக்கூடவா கணக்கு!”

ஆமாம் சகோதரிகளே, புல்லுக்கும் கணக்கு உண்டு. மாதம் பிறந்ததும் அரிசி டப்பாவை எட்டிப் பார்த்து, வீட்டில் எத்தனை வாய், மாதக் கடைசி வரை தாங்குமா என்று நீங்கள் மனத்துக்குள் போடுகிறீர்களே, அதே கணக்குதான். அந்தக் கணக்கை நான் படித்தது கல்லூரியில். ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று படித்தது ஒரு மாட்டுக் கட்டுத்தறியில். அதுவும் இரண்டு பசுக்கள் செத்த பிறகு. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முள்வேலிக்குள் ஒரு புல்வெளி

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் ஊரில் புல் என்றால் வாய்க்கால் கரைப் புல். அதை யாரும் வளர்ப்பதில்லை, தானாக வளரும். கல்யாணமாகித் தாராபுரம் வந்தபோதுதான், புல்லுக்கென்றே வேலி கட்டி, புல்லுக்கென்றே நிலம் ஒதுக்கி வைத்திருக்கும் மனிதர்களைப் பார்த்தேன்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சாலையின் இருபுறமும் கிளுவை மரத்தால் ஆன உயிர்வேலி கோட்டை மதில் போலப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரங்கள். கீழே கொழுக்கட்டைப் புல். இதைத்தான் ‘கொறங்காடு’ என்கிறார்கள். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் இது பரவலாக உண்டு. ஊர்ப் பொது நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்து.

இங்கே மழை ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. மண்ணோ சரளை மண். நெல்லும் வாழையும் இதில் எங்கே வரும்? ஆனால் கொழுக்கட்டைப் புல்லுக்கு இந்த மண் போதும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் கோடையில் கருகினாலும் செத்துப்போகாது. ஒரு மழை விழுந்தால் தூர் மறுபடி பச்சை கட்டும். வெள்வேல மரம் நிழல் தரும். கோடையில் அதன் காய்கள் ஆடுகளுக்கு நல்ல புரத உணவு. கிளுவை முள் ஆட்டை வெளியே விடாது, நரியையும் நாயையும் உள்ளே விடாது. ஆக, மேய்க்க ஆள் இல்லாமலே மாடும் ஆடும் அதுபாட்டுக்கு மேயும்.

புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் பிறந்து வளர்ந்தது இந்தக் கொறங்காடுகளில்தான். பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பேணி வளர்த்த இனம் என்று கால்நடை நூல்களிலேயே பதிவு உண்டு. கன்று பிறக்கும்போது செம்மண் நிறம். சுமார் ஆறு மாதத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும்! வெளியூர்க்காரர்கள் “இது அதே கன்றா?” என்று என்னிடம் கேட்பார்கள். பால் குறைவுதான், நாளைக்கு இரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிது. ஆனால் வெயிலுக்கும் வறட்சிக்கும் அசராது. மாட்டோடு மேச்சேரி இனச் செம்மறிகளும் இருக்கும். கம்பளி கிடையாது, இறைச்சிக்கும் தோலுக்கும் பேர் போனவை.

2009-ஆம் ஆண்டு, திருப்பூர் மாவட்டமே புதிதாகப் பிறந்த வருஷம், ஒரு தொண்டு நிறுவனத்தில் இந்த வேலையில் சேர்ந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, டி.வி.எஸ். மொபெட்டில் மருந்துப் பையும் ஒரு மூங்கில் சட்டமும் கட்டிக்கொண்டு கிளம்புவேன். சாயங்காலம் திரும்பி வந்தால், “முதல்ல குளிச்சிட்டு வா, அப்புறம் குழந்தையைத் தொடு” என்று மாமியார் வாசலிலேயே வெந்நீரைக் காட்டுவார். ஆட்டு வாடை அவருக்கு ஆகாது. அது எவ்வளவு நல்ல பழக்கம் என்று பின்னால் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூங்கில் சட்டத்துக் கணக்கு

மூங்கில் சட்டம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கொறங்காட்டில் பத்து இடத்தில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து எடை போடுவோம். ஒரு சதுர மீட்டருக்கு சராசரியாக 100 கிராம் காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்கு 400 கிலோ. அத்தனையையும் மாட்டுக்கு விட்டுவிடலாமா? கூடாது. பாதிதான் வாய்க்கு, மீதிப் பாதி வேருக்கு. இலையில் பாதிக்கு மேல் கடிபட்டால் வேர் வளர்வது நின்றுபோகும். வேர் செத்தால் அடுத்த மழைக்குப் புல் எழுந்திருக்காது. அங்கே ஊமத்தையும் எருக்கும்தான் முளைக்கும்.

ஒரு காங்கேயம் பசு நாளைக்குக் காய்ந்த கணக்கில் சுமார் 8 கிலோ தின்னும். ஐந்தாறு செம்மறி சேர்ந்தால் ஒரு பசுவின் தீனி. இனி வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மழை நன்றாகப் பெய்த வருஷம் இந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். மழை பொய்த்த வருஷம்தான் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்.

2016 அப்படி ஒரு வருஷம். வடகிழக்குப் பருவமழை அடியோடு ஏமாற்றியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவிக்கும்படி ஆனது. நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வேறு. சந்தைக்கு மாட்டைக் கொண்டுபோனாலும் வாங்குகிறவன் கையில் சில்லறை இல்லை. விற்கவும் முடியாமல், வைத்துத் தீனி போடவும் முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

முப்பத்திரண்டு பேர்

அந்த ஐப்பசியில் ஓர் ஊரில் கூட்டம் போட்டேன். சாயங்காலம் ஆறு மணி, கோயில் திடல். மேய்ச்சலைப் பற்றிப் பேசினேன். அதைவிட முக்கியமாக ஒன்றை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

“முதல் மழைக்கு விதைத்த சோளம் முழங்கால் உசரத்தில் நின்று வாடுகிறது. அதை வீணாகப் போகிறதே என்று அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். மாட்டை உள்ளே விடவும் செய்யாதீர்கள். விஷம்!”

இது பலருக்குத் தெரியாது. சோளத்தட்டு கொங்கு நாட்டு மாட்டுக்கு அன்றாட உணவு. நன்றாக விளைந்து, காய்ந்து, போரில் அடுக்கிய தட்டில் ஆபத்து இல்லை. ஆனால் இளம் பயிரில் ஒரு பொருள் இருக்கிறது. மாடு மென்று தின்றதும் அதிலிருந்து சயனைடு நச்சு உண்டாகும். பயிர் தண்ணீர் இல்லாமல் வாடும்போதும், அறுத்த தாளில் புதுக் குருத்து விடும்போதும் அது மிக அதிகம். பயிரில் பாதியாவது பூத்த பிறகுதான் பச்சையாகப் போடலாம். அதற்கு முன் தின்றால், பசித்த மாடு சில நிமிஷத்தில் விழுந்துவிடும்.

கூட்டத்துக்கு 32 பேர் வந்திருந்தார்கள். நோட்டில் கையெழுத்து வாங்கினேன். “வறட்சிக் காலக் கால்நடைப் பராமரிப்பு: பயன்பெற்றோர் 32” என்று அறிக்கையும் அனுப்பியாயிற்று. அந்த 32 பேரும் ஆண்கள் என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

கார்த்திகை மாதம். ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த ஊரிலிருந்து போன். ஒரு பெண்ணின் குரல். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. “மாடு விழுந்துருச்சுங்க, டாக்டரம்மா... மூணும் விழுந்துருச்சுங்க...”

மழை தவறியதிலிருந்து நச்சு முறிவு ஊசி மருந்துகளைப் பையிலேயே வைத்திருந்தேன். மொபெட்டை விரட்டினேன். போய்ச் சேர 25 நிமிஷம். இரண்டு பசுக்கள் போய்விட்டன. வாயில் நுரை. ஒன்று ஏழு மாதச் சினை. மூன்றாவது பசு மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. பக்கத்தில் பாதி தின்ற சோளப் பயிர். சந்தேகமே இல்லை. ரத்த நாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மருந்துகளையும் ஏற்றினேன். கால் மணி நேரம் என் கையும் நடுங்கியது, மாடும் நடுங்கியது. பிறகு அது மெதுவாகத் தலையைத் தூக்கியது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். செத்த பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் மேல் வர வேண்டிய ஆத்திரம் என்று அப்போது தெரியாது.

“ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க? வாடின சோளத்தைப் போடக் கூடாதுன்னு போன மாசம்தானே கூட்டத்துல சொன்னேன்? ரெண்டு தடவை சொன்னேனே!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“என்கிட்ட ஆருங்க சொன்னாங்க?”

வாசலில் நின்றிருந்த அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்துக்கு வந்தவர் அவர். கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். “வந்து சொல்லோணும்னுதான் இருந்தனுங்க. நோட்டு மாத்த பேங்குக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சதுல மறந்துட்டனுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொல்லாதவர் இல்லை, மறதிதான். ஆனால் மாட்டுக்குத் தீனி அறுத்துப் போடுவது அவர் இல்லையே! அதை நான் ஒருமுறையாவது கேட்டிருந்தால்?

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மகள் தூங்கியதும் கூட்ட நோட்டை எடுத்துப் பார்த்தேன். 32 கையெழுத்து. ஒரு பெண் பெயர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் போட்டால் பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? அது பால் கறக்கும் நேரம், ஆட்டைப் பட்டியில் அடைக்கும் நேரம், பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும் நேரம். நானும் ஒரு பெண்தான். அந்தக் கூட்டம் முடிந்து வீடு வரும்வரை என் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டது என் மாமியார். எனக்கே இது தோன்றவில்லை என்றால் யாருக்குத் தோன்றும்?

மதியம் இரண்டு மணிக் கூட்டம்

மறுவாரம் அதே ஊருக்குப் போனேன். திடலுக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாடு முடிந்து கறவைக்கு முன் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். முதல் நாள் நாலு பேர். அடுத்த வாரம் பதினொரு பேர், இடுப்பில் குழந்தையோடு. கையில் கடலை உரித்துக்கொண்டே கேட்டார்கள்.

நான் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். “தீனி போடுறது யாரு? தண்ணி காட்டுறது? சினை மாட்டைப் பார்க்கிறது? குட்டி போடும்போது கூட இருக்கிறது? சாணி அள்ளுறது?” எல்லாவற்றுக்கும் ஒரே பதில். “நாங்கதானுங்க.” “சந்தைக்கு ஓட்டிப்போறது?” “அது அவிகதானுங்க.” சிரிப்பு.

தை பிறந்ததும் அந்த அக்காவின் கொறங்காட்டில் மூங்கில் சட்டத்தைப் போட்டோம். நாலு ஏக்கர். மேலே சொன்ன 100 கிராம் கணக்கு அவருடையதுதான். மொத்தம் 1,600 கிலோ. பாதியை வேருக்கு விட்டால் 800 கிலோ. வாய்கள்? பிழைத்த ஒரு பசு, 18 செம்மறி. மொத்தம் நாலு பசுவின் தீனி. நாளைக்கு 32 கிலோ.

“வகுத்துப் பாருங்கக்கா.”

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவர். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மாறியது. “இருபத்தஞ்சு நாளைக்குத்தானுங்க வருது! மாசி தாண்டாதுங்களே?”

“தாண்டாது. அதுக்கு மேல மேயவிட்டா வேரையும் கிளறித் தின்னுடும். அடுத்த மழைக்குக் காடு மொட்டையாத்தான் கிடக்கும்.”

ஆட்டைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் அந்த ஆடுகள் வெறும் ஆடுகள் இல்லை. கல்யாணத்தின்போது அவர் அம்மா சீராகக் கொடுத்த இரண்டு பெண் குட்டிகளின் வம்சம் அது. மாடு வீட்டுக்காரருடையது, ஆடு இவருடையது. மகளின் பள்ளிக்கூடப் பணம், பண்டிகைக்குத் துணி, பொறந்த வீட்டுச் செய்முறை எல்லாம் அந்தப் பட்டியிலிருந்துதான். அவசரத்துக்குக் கணவரிடம் கை நீட்டாமல் இருப்பதே அதனால்தான். அதைப் பாதியாக்கு என்று சொல்ல நான் யார்? ஒருமுறை சொல்லாமல் விட்டு இரண்டு பசு போனது. இப்போது சொன்னால் ஒருவேளை பட்டியே போய்விடுமோ?

அவரே சொன்னார். “எதுங்க முதல்ல போகோணும்?”

உட்கார்ந்து தரம் பிரித்தோம். பல் விழுந்த கிழ ஆடுகள், இரண்டு ஈற்று தவறியவை, கிடாக்குட்டிகள். எல்லாம் பத்து. சந்தை விலை படுமோசம். இருந்தும் விற்றார். “இன்னும் ஒரு மாசம் வச்சிருந்தா எலும்புக்குத்தான் விலை கெடைக்கும்” என்று அவரே கணவருக்கு எடுத்துச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பணத்தில் வைக்கோல் வாங்கிப் போர் போட்டார். மீதி எட்டு ஆடும் ஒரு பசுவும் 40 நாள் மேய்ந்தன. பிறகு கடவைச் சாத்தி, கட்டுத்தறியிலேயே தீனி. கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்தபோது விடிகாலையில் சாக்கோடு போய்ப் பொறுக்கிச் சேர்த்தார். ஒரு கைப்பிடி காய் ஒரு ஆட்டைத் தூக்கி நிறுத்தும்.

2017-இல் மழை பெய்தபோது புல் தளிர்த்தது. நாலு ஏக்கரை நடுவில் கிளுவைப் போத்து நட்டு இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒன்று மேய, ஒன்று ஓய்வெடுக்க. “முப்பது நாளுக்கு ஒருக்கா மாத்துங்க” என்று படித்த பாடத்தை ஒப்பித்தேன். அவர் சிரித்தார்.

“நாளை எண்ணாதீங்க, டாக்டரம்மா. மழைக்கு எண்ணத் தெரியுமா? புல்லு கதிர் தள்ளி வெதை கொட்டட்டும். அப்பறம் ஆட்டை உடுவோம். காலுல மிதிச்சு வெதையை மண்ணுல அமுத்திரும். நமக்கு வெதைக்கிற கூலி மிச்சம்.”

எந்தப் புத்தகத்திலும் இதை இவ்வளவு அழகாக நான் படிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் நாளை எண்ணுவதில்லை. கதிரைத்தான் பார்க்கிறேன். ஆலோசகர் என்று பெயர் எனக்கு. ஆலோசனை வந்தது அங்கிருந்து. பக்கத்துக் கொறங்காட்டுக்காரர் ஒரு ஆட்டையும் விற்காமல் கடைசிவரை மேயவிட்டார். அவர் காட்டில் புல் மறுபடி மூட மூன்று மழைக்காலம் பிடித்தது.

வீட்டுக்குள் வரும் காய்ச்சல்

யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பாடம் தீனியோடு நிற்கவில்லை. இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

மதியக் கூட்டத்துக்கு ஒரு சின்னப் பெண் வருவாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. ஒரு நாள், “எங்க மாடு ஏழாம் மாசமே கன்னு வீசிருச்சுங்க. நஞ்சுக்கொடி தங்கிருச்சு, நாந்தான் கையை விட்டு எடுத்தேன்” என்றாள் சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடு கடைசி மாதங்களில் கன்று வீசினால் புருசெல்லா என்னும் கிருமி காரணமாக இருக்கலாம். நஞ்சுக்கொடியிலும், கசிவிலும், காய்ச்சாத பாலிலும் அது இருக்கும். மனிதருக்குத் தொற்றினால் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கர்ப்பிணிக்கு இன்னும் ஆபத்து.

“பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?” என்றேன். “பெரியவங்க காய்ச்சித்தான் குடிப்போம். கொழந்தைக்கு மட்டும் அத்தை கறந்த சூட்டோட பச்சையாக் குடுப்பாங்க. அதுதான் பலமுன்னு.”

முன்பாக இருந்தால் அவளிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்தியோடு கிளம்பியிருப்பேன். இப்போது தெரியும், அந்த வீட்டுச் சமையலறையில் அவள் சொல் எடுபடாது. நேரே மாமியாரைப் பார்க்கப் போனேன். குற்றம் சொல்லவில்லை. “பெரியம்மா, உங்க பேரனை நீங்கதான் காப்பாத்தணும்” என்று ஆரம்பித்தேன். பால் பொங்கி வரும்வரை காய்ச்சினால் கிருமி சாகும் என்றும், ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்கு மாட்டுப் பாலோ ஆட்டுப் பாலோ முக்கிய உணவாக வேண்டாம், தாய்ப்பாலும் மசித்த சோறும் பருப்பும் போதும் என்றும் விளக்கினேன். குழந்தையையும் தாயையும் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதிக்க வைத்தோம். நல்லவேளையாக இருவருக்கும் ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் பரிசோதனையில் நோய் உறுதியானது.

என் மாமியார் வாசலிலேயே காட்டிய வெந்நீருக்கு அன்றுதான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

வீட்டில் மாடு, ஆடு உள்ளவர்களுக்கு

1. கன்று, குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது.

2. பொங்கல், கல்யாணம் முடிந்ததும் மீந்த சோறு, பொங்கல், பாயசத்தைப் புண்ணியம் என்று மாட்டுக்கு அள்ளிப் போடாதீர்கள். அதிகமாகத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு கைப்பிடி போதும்.

3. வாடிய இளஞ்சோளம், அறுத்த தாளில் விட்ட குருத்து, இரண்டும் மாட்டின் பக்கமே போகக் கூடாது.

4. கன்று வீசிய மாட்டை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை கட்டாயம். கர்ப்பிணிகள் அருகில் போகவே வேண்டாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும்.

5. கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கன்று வீச்சுத் தடுப்பூசி ஒருமுறை போட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு.

6. அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணைக் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். வீட்டுக்காரரின் போனில் மட்டும் இருந்தால் போதாது!

ஒரு சிவப்புக் கன்று

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022-இல் அறிவித்தது. உலகம் முழுதும் கூட்டங்கள், மாநாடுகள். நல்ல காரியம்தான். அப்படி எந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை மணிக்கு வைத்திருக்கிறீர்கள்?”

நகரத்தில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் மாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாத்திரைச் சீட்டை டாக்டர் யாரிடம் விளக்கினார், மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அந்தச் செய்தி பாதி வழியில் நின்றுபோயிருக்கலாம். கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் நீங்களே போய்க் கேளுங்கள்.

அந்த அக்கா இன்னமும் போன் செய்வார். இப்போது பட்டியில் 14 ஆடு. அதற்கு மேல் வைப்பதில்லை. புல்லைப் பார்த்துத்தான் ஆடு. பிழைத்த பசு அதன்பிறகு மூன்று ஈற்று ஈன்றது. கடைசியாக அது ஈன்ற அன்று விடிகாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்.

“கெடாரிக் கன்னுங்க, டாக்டரம்மா. செக்கச் செவேர்னு இருக்குது. சீம்பால் குடுத்தாச்சு. நேத்துக் கூட்டத்துக்கு வராத பக்கத்தூட்டுப் புள்ளைக்கும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டனுங்க.”